பன்னிருவர் கையில் ஒரு பூட்டு

(இலக்கிய மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எண்மப் பணத்தைப் பற்றிப் பேசுவோர் வாயில் அடிக்கடி வரும் ஒரு தொடர் உண்டு. ‘நிரலே சட்டம்’ என்பது அத்தொடர். கணிப்பொறிக்கு எழுதப்பெற்ற நிரல் என்ன சொல்கின்றதோ அதுவே முடிந்த முடிபு. அரசனும் இல்லை, அமைச்சனும் இல்லை, முறைமன்றமும் இல்லை என்பது அதற்கு அவர்கள் கொள்ளும் பொருள். இத்தொடரை 1999-இல் தம் நூலில் பரப்பியவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியரான இலாரன்சு இலெசிக்கு என்பார். அவரோ அதனைப் பெருமையாகச் சொன்னாரல்லர். நிரல் எழுதுவோர் கையில் சட்டம் இயற்றும் ஆற்றல் போய்ச் சேருகின்றது, விழித்திருங்கள் என்று எச்சரிக்கவே சொன்னார். எச்சரிக்கையாய்ப் பிறந்த தொடர் பின்னாளில் விருதுப் பெயராயிற்று. சொற்களுக்கு இத்தகைய ஊழ் நேர்வது புதிதன்று.

பிளாக்செயின் என்பது என்னை? ஓர் ஊரின் கணக்கேட்டை ஒருவரே வைத்திருந்தால் அவர் திருத்திவிடலாம். ஊரார் அனைவரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டு, புதிய வரி எழுதும்போதெல்லாம் எல்லாப் படிகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால், எவரும் தனித்துத் திருத்தவியலாது. அவ்வாறு தொடர்ந்து செல்லும் ஏடே தொடரேடு. 2009 சனவரியில் பிட்காயின் இவ்வகையில் தொடங்கிற்று. 2015 சூலையில் தொடங்கிய எத்தீரியம், கணக்கு வரிகளோடு நிரல்களையும் அவ்வேட்டில் எழுதி வைக்க இடங்கொடுத்தது. கடன் கொடுத்தல், ஈடு வாங்கல், மாற்றுதல் ஆகிய வணிகமெல்லாம் ஆளின்றி நிரலாலேயே நடைபெறத் தொடங்கின.

ஓராண்டு கழிவதற்குள் ‘நிரலே சட்டம்’ என்னும் கோட்பாடு ஆய்வுக்கு வந்தது. 2016 சூனில், ‘தி டாவோ’ எனப் பெயரிய பொது முதலீட்டு நிரலில் ஓர் ஓட்டையைக் கண்டறிந்த ஒருவர், அதன் வழியே 36 இலக்கம் ஈதர்ப் பணத்தைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். நிரல் இடங்கொடுத்தது, அவர் எடுத்தார். கோட்பாட்டின்படி அது களவே அன்று! ஆனால் பணம் இழந்தோர் ஒப்புவரா? 2016 சூலை 20-இல் எத்தீரியத்தார் பெரும்பாலோர் கூடி, ஏட்டையே கிளைபிரித்து, அப்பணத்தை உரியவர்க்கு மீட்டனர். ஒப்பாத சிறுபான்மையர் பழைய ஏட்டையே ‘எத்தீரியம் கிளாசிக்கு’ என்னும் பெயரில் தொடர்ந்தனர். நிரலுக்கு மேலே மாந்தர் இருக்கின்றனர் என்பது அன்றே வெளிப்பட்டுவிட்டது. அம்மாந்தர் யார், எத்தனை பேர், யாரால் அமர்த்தப்பெற்றவர், யாரால் நீக்கப்படுவர் என்பனவே எஞ்சிய வினாக்கள். இன்றைய உரைக்குப் பொருள் அவ்வினாக்களே.

எத்தீரியம் நெரிசல் மிகுந்த ஏடு. நொடிக்கு ஏறத்தாழப் பதினைந்து வரிகளே அதில் எழுதவியன்றது, கூலியும் மிகுதி. ஆகலின் அதன் மேல் இரண்டாம் அடுக்குப் பிணையங்கள் எழுந்தன. ஆயிரம் பேர் கொடுக்கல் வாங்கலை மேலடுக்கில் முடித்துவிட்டு, அதன் சுருக்கத்தை மட்டும் கீழேட்டில் பதிவு செய்வது இவற்றின் வழி. அவற்றுள் பெரியதொன்று ஆர்பிட்ரம். பிரின்சுடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு பெல்டனும் அவர்தம் மாணாக்கர் இருவரும் தொடங்கிய ஆப்செயின் இலேப்சு என்னும் நிறுவனம் அதனை ஆக்கிற்று. 2021 ஆகத்து இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்தது. பன்னூறு கோடித் தாலர் மதிப்புள்ள உடைமை அதன் நிரலை நம்பி அதற்குள் சென்றது.

இங்கேதான் முட்டுப்பாடு. மேலடுக்கின் பணமெல்லாம் கீழடுக்கில் ஒரு நிரலின் காவலில் பூட்டப்பெற்றிருக்கும். அந்நிரலில் ஓர் ஓட்டை இருந்து, அதனைக் கள்வன் முதலில் கண்டுவிட்டால், ஒரு மணி நேரத்தில் எல்லாம் போய்விடும். உறுப்பினர் அனைவரையும் கேட்டு ஒப்போலை எடுத்துத் திருத்துவதென்றாலோ ஒரு திங்களுக்கு மேலாகும். வீடு பற்றியெரியும்போது ஊர்க்கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றிவிட்டா நீர் முகப்பது? ஆகவே, நெருக்கடியில் உடனே நிரலை மாற்றுவதற்கு ஒரு சிறு குழுவிடம் திறவுகோல் கொடுக்கவேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் ஆர்பிட்ரம் தன் ஆட்சியை ‘ஆர்ப்’ என்னும் வில்லை வைத்திருப்போர் கையில் கொடுத்தபோது, அதன் அடிப்படைச் சட்டத்திலேயே ‘பாதுகாப்பு அவை’ என்றொன்று வகுக்கப்பெற்றது.

பாதுகாப்பு அவை என்றவுடன் ஒன்றிய நாடுகளின் அவை நினைவுக்கு வரும். அங்கே ஐந்து வல்லரசுகளுள் ஒன்று கைநீட்டினாலும் தீர்மானம் நின்றுவிடும். இங்கே அவ்வாறு தனியொருவர்க்குத் தடையாணை இல்லை. பன்னிரு உறுப்பினர், ஒவ்வொருவரிடமும் ஒரு கமுக்கத் திறவுகோல். ஒன்பதின்மர் ஒப்பமிட்டால், காத்திருப்பு ஒரு நொடியும் இன்றி, நிரல் மாறிவிடும். பன்னிருவரும் இரு அறுவராய்ப் பகுக்கப்பெற்று, ஓர் அறுவர்க்கு மார்ச்சிலும் மற்றோர் அறுவர்க்குச் செப்டம்பரிலுமாக ஆறு திங்களுக்கொரு முறை தேர்தல் நடத்தவேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. முதல் தேர்தல் அவ்வாண்டு செப்டம்பரில் தொடங்கிற்று. ஒரே நிறுவனத்தைச் சார்ந்தோர் மூவர்க்கு மேல் அவையில் இருத்தலாகாது என்றும் அச்சட்டம் கூறிற்று.

இவ்வெண்களை மேலோட்டமாகப் படித்துச் செல்லலாகாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் இவற்றின் உட்பொருள் விளங்கும். பன்னிருவரில் ஒன்பதின்மர் வேண்டுமெனின், நால்வர் மறுத்தால் எதுவும் நடவாது. எனவே இவ்வவையில் இரு வகை ஆற்றல்கள் உள. ஒன்பது கைகள் சேர்ந்தால் செய்யும் ஆற்றல். நான்கு கைகள் சேர்ந்தால் தடுக்கும் ஆற்றல். ஒரு நிறுவனத்திற்கு மூன்று இடம் என்னும் வரம்பு எங்கிருந்து வந்தது என்பது இப்போது புலப்படும். மூன்று என்பது நான்கிற்கு ஒன்று குறைவு. எந்நிறுவனமும் தனியே நின்று தடுக்கவியலாது. தேர்தலை இரண்டாய்ப் பகுத்ததும் அவ்வாறே. ஒரு தேர்தலை ஒரு கூட்டத்தார் முழுதும் கைப்பற்றினாலும் அவர்க்குக் கிடைப்பது ஆறு, ஒன்பது ஆகாது. ஆனால் ஆறு நான்கினும் பெரிது. ஆகவே ஒரே தேர்தலில் தடுக்கும் ஆற்றல் கைமாறிவிடக்கூடும். செய்யும் ஆற்றல் கைமாற இரு தேர்தல் வேண்டும்.

இப்போது அவையைத் திருத்தியமைக்கவேண்டும் என்பார், ‘ஒன்பது போதாது, பத்தாக்குக’ என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். பத்தாக்கினால் என்னாகும்? தடுப்பதற்கு மூவர் போதும். அப்போது மூன்று இடம் பெற்ற ஒரு நிறுவனமே தனியே நின்று எத்திருத்தத்தையும் முடக்கிவிடலாம். நிறுவன வரம்பை இரண்டாகக் குறைக்காமல் ஒன்பதைப் பத்தாக்குவது, முன்கதவுக்குப் பூட்டு மாட்டிவிட்டுப் பின்கதவின் தாழைக் கழற்றுவதாகும். உறுப்பினர் தொகையைக் குறைப்போம் என்பார்க்கும் இதே கணக்கை நீட்டலாம். ஒன்பதின்மர் அவையில் எழுவர் ஒப்பம் என்றால், அங்கும் மூவர் தடுப்பர். ஆப்டிமிசம் என்னும் மற்றொரு பிணையத்தின் அவை பதின்மூவரில் பதின்மர் ஒப்பம் என்னும் அளவை ஏற்றது. அங்கே தடுக்க நால்வர் வேண்டும். தொகை, ஒப்பம், நிறுவன வரம்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைத் தொட்டால் மற்றவற்றையும் தொட்டே ஆகவேண்டும்.

எண்ணைப் பெருக்கினால் காவல் பெருகும் என்பதும் முழு உண்மையன்று. இதற்கு ஒரு வரலாறு உண்டு. சற்று விரித்துச் சொல்லத்தக்கது.

வியத்துநாம் நாட்டில் சுகை மேவிசு என்றொரு நிறுவனம். ‘ஆக்சி’ என்னும் கணிப்பொறி விளையாட்டை நடத்திற்று. பிலிப்பைன்சு நாட்டு ஏழை எளியோர் பலர் பெருந்தொற்றுக் காலத்தில் வேலையிழந்து அவ்விளையாட்டையே பிழைப்பாகக் கொண்டிருந்தனர். அவ்விளையாட்டுக்கென அமைந்த ரோனின் என்னும் பிணையத்தின் பாலத்திற்கு ஒன்பது திறவுகோல்கள்; ஐந்து சேர்ந்தால் பணத்தை எடுக்கலாம். ஒன்பதில் ஐந்து என்பது பார்வைக்குப் பெரும்பான்மைதான். ஆனால் அவ்வொன்பதில் நான்கு ஒரே நிறுவனத்திடம், சுகை மேவிசிடமே இருந்தன. ஐந்தாவது, ஆக்சிக் கூட்டமைப்பிடம் இருந்தது. 2021 நவம்பரில் விளையாட்டு நெரிசல் மிகுந்தபோது, தன் சார்பில் ஒப்பமிடும் உரிமையை அக்கூட்டமைப்பு சுகை மேவிசுக்குத் தற்காலிகமாகக் கொடுத்தது. திசம்பரில் அத்தேவை தீர்ந்தது. உரிமையை மட்டும் திரும்பப் பெறவில்லை. யாரும் நினைக்கவுமில்லை.

2022 மார்ச்சு 23-இல் கொந்தர்கள் சுகை மேவிசின் கணிப்பொறிகளுக்குள் புகுந்து நான்கு திறவுகோல்களையும் கைப்பற்றினர். மறந்துபோன அவ்வுரிமையின் வழியே ஐந்தாவதும் கிட்டியது. 1,73,600 ஈதரும், 2 கோடியே 55 இலக்கம் தாலர் மதிப்புள்ள வில்லைகளும் இரண்டே முறையில் வெளியேறின. 60 கோடித் தாலருக்கு மேற்பட்ட இழப்பு. அதனினும் வியப்பு, ஆறு நாள் வரை எவர்க்கும் தெரியவில்லை! பயனர் ஒருவர் தம் 5,000 ஈதரை எடுக்கமுடியவில்லை என்று முறையிட்ட பின்னரே மார்ச்சு 29-இல் உண்மை வெளிப்பட்டது. வடகொரியாவின் கொந்தர் கூட்டமே இதனைச் செய்ததென ஏப்பிரலில் அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறை அறிவித்தது. களவு நடந்த பின்னர் ஐந்து என்பதை எட்டாக்கினர்.

ஒன்பது பூட்டு என்றார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு வீட்டுக் கொத்தில் நான்கும், மறதியில் ஒன்றும் தொங்கின. அவை அமைப்போர் திறவுகோல்களை எண்ணுகின்றனர். எண்ணவேண்டியதோ திறவுகோல்களை வைத்திருக்கும் தனித்தனிக் கைகளை. 2023-இல் மல்ட்டிசெயின் என்னும் பாலத்தின் கதை இன்னும் கொடிது. திறவுகோல் பல இடங்களில் பகிர்ந்து வைக்கப்பெற்றதாக உலகு நம்பிற்று. அந்நிறுவனத் தலைவர் சீனாவில் பிடிபட்ட பின்னரோ, எல்லாம் அவரொருவர் ஆளுகையிலேயே இருந்தன என்று அவர்தம் குழுவினரே ஒப்புக்கொண்டனர்.

கைகள் தனித்தனியாய் இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 2025 பிப்பிரவரி 21-இல் பைபிட் என்னும் எண்மப் பணச் சந்தையிலிருந்து நான்கு இலக்கத்திற்கும் மேற்பட்ட ஈதர், ஏறத்தாழ 150 கோடித் தாலர், ஒரே நாளில் களவாடப்பட்டது. ஒப்பமிட்டவர்கள் உண்மையானவர்களே, திறவுகோல்களும் களவுபோகவில்லை. அவர்கள் ஒப்பமிடப் பயன்படுத்திய மென்பொருளின் திரையைக் கொந்தர்கள் மாற்றியிருந்தனர். திரையில் தெரிந்தது வழக்கமான பணமாற்று. ஒப்பம் விழுந்ததோ பெட்டகத்தையே கள்வனுக்கு எழுதிக்கொடுக்கும் ஓலையில். படித்துப் பார்க்காமல் கையொப்பமிட்ட ஆவணங்களால் நிலத்தை இழந்த குடும்பங்கள் எந்நாட்டிலும் உண்டு. இங்கே படித்துப் பார்த்தே இழந்தனர், படித்த எழுத்தே பொய்யாதலின். பன்னிருவரும் ஒரே நிறுவனத்தின் திரையை நம்பி ஒப்பமிட்டால், அவர்கள் பன்னிருவரல்லர், ஒருவரே. அவையின் திருத்தத்தில் இஃது எழுதப்பெறவேண்டிய முதற்செய்தி. ஒப்பமிடும் உறுப்பினர் இரு வேறு வழிகளில், இரு வேறு கருவிகளில் ஓலையின் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கவேண்டும். ஒருவர் சரிபார்த்ததை மற்றவர் நம்பிக் கையொப்பமிடலாகாது.

இனி, எவ்வளவு ஒப்பம் வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் ஏற்பட்டிருக்கின்றது. எத்தீரியத்தை ஆக்கியோருள் முதல்வரான விட்டாலிக் புட்டெரின், இரண்டாம் அடுக்குப் பிணையங்கள் குழந்தை நடைவண்டியை விட்டு நடக்கக் கற்பதற்கு ஒத்த படிநிலைகளை 2022-இல் எழுதினார். அதனை வளர்த்தெடுத்து, எல்2பீட் என்னும் ஆய்வுக் குழுவினர் 2023 முதல் ஒவ்வொரு பிணையத்தையும் படிநிலைப்படுத்தி வெளியிட்டனர். இடைப்படியில் உள்ள பிணையத்தின் அவைக்கு 75 விழுக்காட்டு ஒப்பம் வேண்டும். தடுக்கப் போதிய உறுப்பினர் ஆக்கிய நிறுவனத்திற்கு வெளியே இருக்கவேண்டும் என்பது அவ்வளவு. பன்னிரண்டில் ஒன்பது சரியாக 75 விழுக்காடு. ஆர்பிட்ரத்தில் நெருக்கடியல்லாத வழக்கமான மாற்றங்களுக்கோ முதலில் ஏழு ஒப்பமே போதும் என்று வைத்திருந்தனர். 2024-இல் அதனையும் ஒன்பதாக்கினர். அது தக்க திருத்தமே. வழக்கமான மாற்றம் பல நாள் காத்திருந்தே நடப்புக்கு வரும். அவ்விடைவெளியில் பிடிக்காதவர் தம் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். ஆகலின் அங்கே விரைவு தேவையில்லை. விரைவு தேவையில்லாத இடத்தில் ஒப்பத்தைக் குறைத்துவைப்பதற்குக் கரணியம் ஒன்றும் இல்லை.

நெருக்கடியின் இயல்பு வேறு. நள்ளிரவில் ஒருவர், விடியலில் ஒருவர், வானூர்தியில் ஒருவர் என உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஒன்பதின்மரை எழுப்பி, ஓட்டையை விளக்கி, திருத்திய நிரலைப் படிக்கச் செய்து, ஒப்பம் வாங்கவேண்டும். கள்வன் ஒருவனே, அவனுக்கு யார் ஒப்பமும் வேண்டா. பாதுகாப்புக்காக ஒப்பத்தைக் கூட்டக் கூட, மீட்பு பின்தங்கும். இதற்கு நடுவில் ஒரு வழி உண்டு. ‘நிறுத்துதல்’ வேறு, ‘மாற்றுதல்’ வேறு. இவ்விரண்டையும் ஒரே ஒன்பது கைகளிடம் கட்டிவைத்ததே ஆர்பிட்ர அவையின் பெருங்குறை என்க.

பாலத்தின் வாயிலைச் சிலநாள் அடைப்பதால் எவர் பணமும் எவர்க்கும் போய்விடாது. ஆகவே அடைப்பதற்கு ஐவர் ஒப்பம் போதும் என்று வைக்கலாம். ஆனால் அவ்வடைப்பு ஏழு நாளில் தானே அவிழவேண்டும். அவ்வைவரே மீண்டும் அடைத்தல் ஆகாது. நிரலை மாற்றுவதென்றால் ஒன்பதின்மரேயாகவேண்டும். அடைப்பும் தீங்கற்றதன்று என்பது உண்மையே. கடனுக்கு ஈடு வைத்தவர் ஈட்டின் விலை வீழும்போது கூடுதல் ஈடு கட்டவேண்டும். வாயில் அடைபட்டால் கட்டவியலாது. ஈடு ஏலம் போய்விடும். எனினும் ஏழு நாள் அடைப்பின் தீங்குக்கு எல்லை உண்டு. ஒரு நொடி மாற்றத்தின் தீங்குக்கு எல்லை இல்லை. ஆப்டிமிசப் பிணையம் 2024 சூனில் எவரும் பொய்க்கணக்கை மறுத்துரைக்கலாம் என்னும் சான்று முறையைத் திறந்தது. ஆகத்தில் அம்முறையில் ஓட்டைகள் உள்ளனவென ஆய்வில் தெரியவந்ததும், அதனை நிறுத்திப் பழைய காவல் முறைக்கே திரும்பிற்று. பின்னர்த் திருத்திய முறையைத் திறந்தது. எவர் பணமும் போகவில்லை. பின்வாங்கும் கதவு ஒன்று முன்னரே அமைந்திருந்ததனால் வந்த பயன் அது.

அவையே வேண்டா, கலைத்துவிடுக என்பாரும் உளர். நிரல் தானே தன்னைக் காக்கும் நாள் வரும். அதுவரை காத்திராமல் இன்றே திறவுகோல்களைக் கடலில் எறிக என்பது அவர் கருத்து. கொள்கைப் பிடிப்புக்காக அவர்களை மதிக்கலாம். ஆனால் 2016-இல் ஏட்டைக் கிளைபிரித்ததை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இறுதிப் படிநிலைக்கு எல்2பீட்டார் வகுத்த நெறி இதனினும் தெளிவுடையது. அவை இருக்கலாம், ஆனால் நிரலே ‘பிழை நேர்ந்துள்ளது’ என்று ஏட்டில் மெய்ப்பித்துக் காட்டிய இடத்தில் மட்டும் அது தலையிடலாம், மற்ற மாற்றங்களுக்கெல்லாம் மக்கள் வெளியேற 30 நாள் இடைவெளி வேண்டும். உறங்கும் காவலனை நீக்காமல், மணியடித்தால் மட்டும் எழுகவென்று கட்டளையிடுவது இது. அந்நிலைக்கு ஒரே நாளில் தாவவேண்டா. அதனை நோக்கி ஆண்டுதோறும் அவையின் எல்லையைச் சுருக்கும் கால அட்டவணை ஒன்று சட்டத்திலேயே இருக்கவேண்டும்.

தேர்தலைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஆர்பிட்ரத்தில் ஒருவர்க்கு ஓர் ஒப்போலை இல்லை. ஒரு வில்லைக்கு ஓர் ஒப்போலை. செல்வர் ஆட்சியன்றோ இது என்று கேட்கலாம். ஆம், செல்வர் ஆட்சியே. ஆயின் முகமறியாப் பிணையத்தில் ஒருவரே ஆயிரம் பெயரில் வரலாம். ஆளை எண்ண வழியில்லாததால் வில்லையை எண்ணினர். 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேட்பாளராக, ஒப்போலைத் தகுதியுடைய வில்லைகளில் 0.2 விழுக்காட்டின் ஆதரவு வேண்டியிருந்தது. ஒப்போலையிடும் 21 நாளில் முதல் 7 நாள் முழுமதிப்பு. அதன்பின் நாள்தோறும் மதிப்பு தேய்ந்து இறுதியில் ஒன்றுமில்லாமற் போகும். கடைசி நொடியில் பெருஞ்செல்வர் ஒருவர் வந்து தேர்தலைக் கவிழ்ப்பதைத் தடுக்க வகுத்த நல்ல ஏற்பாடு இது. நாட்டுத் தேர்தல்களில் கடைசி இரவில் நடப்பனவற்றை அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும்!

வில்லை வைத்திருப்போர் வாளாவிருப்பர் என்றும் கருதவேண்டா. 2023 மார்ச்சு இறுதியில், ஆர்பிட்ரம் அறக்கட்டளை 75 கோடி வில்லைகளைத் தனக்கு ஒதுக்கும் தீர்மானத்தை ஒப்போலைக்கு விட்டது. ஒப்போலை முடிவதற்குள்ளேயே 5 கோடி வில்லைகள் கைமாறிவிட்டன என்பது வெளிப்பட்டது. கேட்டதற்கு, இது முடிவு கேட்பதன்று, முடிந்ததற்கு இசைவு கேட்பதே என்று விடை வந்தது. விளைவு, பெரும்பான்மையர் எதிர்த்து ஒப்போலையிட்டனர். அறக்கட்டளை பின்வாங்கித் தீர்மானத்தைப் பகுத்து மீண்டும் கொண்டுவரவேண்டியதாயிற்று. கேட்குமுன் செய்துவிட்டுப் பின்னர்க் கேட்பது என்னும் பழக்கம் எந்த அவைக்கும் ஆகாது. ஒரு நொடியில் மாற்றும் ஆற்றலுடைய அவைக்குச் சிறிதும் ஆகாது.

உறுப்பினரை நீக்குதல் எளிதன்று. தகுதியுடைய வில்லைகளில் குறைந்தது 10 விழுக்காடு பங்கேற்று, அதில் ஆறில் ஐந்து பங்கு நீக்கவேண்டும் என்று சொல்லவேண்டும். அன்றி, அவையிலேயே ஒன்பதின்மர் சொல்லவேண்டும். உள்ளிருந்து நீக்க ஒன்பதின்மர் என்றால், தீயோர் நால்வர் ஒருவரையொருவர் காத்துக்கொள்வர். செயல்படாத உறுப்பினர்க்காவது வேறு வழி வேண்டும். மும்முறை ஒத்திகை அழைப்புக்கு விடை தராத திறவுகோல் தானே செயலிழக்கும் என்று வைப்பது தக்கது. திறவுகோல் நான்கு தொலைந்தால் அவையே ஊமையாகிவிடும் என்பதை மறத்தலாகாது.

உறுப்பினர் பெயர் வெளிப்படவேண்டுமா என்பதில் இருதலைக் கொள்ளி. பெயர் மறைந்தால் மக்களுக்கு நம்பிக்கை வாராது. ஒரே நிறுவனத்தார் எத்தனை பேர் என்றும் எண்ணவியலாது. பெயர் வெளிப்பட்டாலோ உயிர்க்கு ஊறு. 2025 சனவரியில் பிரான்சு நாட்டில், எண்மப் பணக் கருவி செய்யும் நிறுவனமொன்றின் நிறுவனருள் ஒருவரைக் கடத்திச் சென்று, பணம் கேட்டு, அவர்தம் விரலையே வெட்டினர். திறவுகோல் வைத்திருப்பவர் கணிப்பொறி அறிவுடையவராய் இருந்தால் மட்டும் போதாது. அவர்க்கு மனைவி மக்கள் இருக்கின்றனர். பெயரை வெளியிடுக, வாழும் ஊரையும் திறவுகோல் இருக்கும் இடத்தையும் வெளியிடாதிருக்க. பன்னிருவரும் ஒரு நாட்டிலோ ஓர் அரசின் ஆணைக்கு உட்பட்டோ இராதபடி சிதறியிருக்க ஏற்பாடு செய்க. உறுப்பினர் அனைவரும் ஒரே மாநாட்டில் ஒரே விடுதியில் தங்குவதைத் தடைசெய்க. கேட்க நகைப்பாயிருக்கலாம்; ஒன்பது திறவுகோல்கள் ஒரே கூரையின்கீழ் உறங்கும் இரவு நகைப்புக்குரியதன்று.

கடைசியாக ஒன்று. நெருக்கடி ஆற்றலைப் பயன்படுத்திய பின் அவை முழு வெளிப்படை அறிக்கை தரவேண்டும் என்று 2023-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. எப்போது? நெருக்கடி நீங்கியபின் ‘தக்க நேரத்தில்’ என்றது. தக்க நேரம் எதுவென அவையே முடிவு செய்துகொள்ளலாம் போலும்! அச்சொல்லை நீக்கிவிட்டு ஓர் எண்ணை எழுதவேண்டும். பதினான்கு நாள் எனலாம். என்ன ஓட்டை, யார் கண்டது, எந்நேரத்தில் அறிவிக்கப்பட்டது, ஒன்பதின்மர் யாவர், மறுத்தவர் யாவர், எந்த வரி மாற்றப்பட்டது என அனைத்தும் அதில் இருக்கவேண்டும். ஓட்டை இன்னும் முழுதாய் அடைபடவில்லையெனின், அவ்வளவை மட்டும் மறைத்து எஞ்சியதை வெளியிட்டு, மறைத்ததை வெளியிடும் நாளையும் குறிக்கவேண்டும். பதினான்காம் நாள் அறிக்கை வாராவிடில், அடுத்த தேர்தலில் அவ்வொன்பதின்மர் பெயரும் வேட்பாளர் பட்டியலில் இடம்பெறலாகாது.